கொதித்த பின்பே உணவாகும் கனி

ஐரோப்பாவின் கிராமப்புறங்களில் வேலியோரத்திலும், மாட்டுத் தொழுவத்தின் பின்புறத்திலும், கல்லறைத் தோட்டத்து மதிலின் அருகிலும் எவரும் நடாமல் தானே முளைத்து வளரும் செடி ஒன்று உண்டு. ஆங்கிலேயர் அதனை எல்டர் என்பர். ஜெர்மானியர் ஹோலுண்டர் என்பர். ஆஸ்திரிய நாட்டுக் குடியானவரோ உரிமையோடு ஹோலர் என்று சுருக்கிவிடுவர். பறவைகள் அதன் கனியைத் தின்று விதையைத் தூவ, அது எங்கும் பரவுகிறது. ஆளுயரத்தைத் தாண்டி, இடம் கிடைத்தால் சிறு மரமாகவே நிமிர்ந்துவிடும். வைகாசி, ஆனி மாதங்களில் தட்டுப் போல விரிந்த வெண்பூங்கொத்துகள். ஆவணி பிற்பகுதியிலிருந்து புரட்டாசி வரை அதே கொத்துகளில் மணத்தக்காளிப் பழத்தை ஒத்த, அதனினும் சிறிய, கருநீலக் கனிகள். கனி முற்றியதும் பாரம் தாங்காமல் கொத்து தலைகீழாகத் தொங்கும். அக்கனியே எல்டர்பெர்ரி.

இக்கனியைப் பற்றி நாம் எழுதப் புகுந்ததற்குக் காரணம் உண்டு. வளமான தோட்டக் கனிகள் பல இருக்க, ஐரோப்பியத் தாய்மார் பல நூற்றாண்டுகளாக இந்த வேலியோரக் கனியைத் தம் அடுக்களைக்கு எடுத்து வந்திருக்கின்றனர். அது இலவசமாகக் கிடைத்தது என்பது ஒரு காரணம். ஆனால் அதனைக் கொடியிலிருந்து பறித்த திராட்சையைப் போல அப்படியே வாயிலிடலாகாது. பச்சையாகத் தின்றால் குமட்டலும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாகும். இலை, தண்டு, பட்டை, வேர், பழுக்காத காய் ஆகியவற்றில் நஞ்சு இன்னும் மிகுதி. அதே கனியை நன்றாகக் கொதிக்க வைத்தாலோ, குழந்தைகளும் விரும்பி உண்ணும் சூப்பாகவும் பாகாகவும் மாறிவிடுகிறது. தாய் மகளுக்குச் சொல்லிக் கொடுத்த ஒரு சிறு விதிதான் அக்குடும்பங்களை இத்தனை காலமும் காத்து வந்தது.

நச்சுத்தன்மையின் காரணம் நம் இல்லங்களுக்குப் புதியதன்று. மரவள்ளிக் கிழங்கைச் சமைக்கும்போது தோலைச் சீவி, நறுக்கி, திறந்த பாத்திரத்தில் நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அத்தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும் என்று நம் பாட்டிமார் கூறுவதைக் கேட்டிருக்கிறோம். கிழங்கில் சர்க்கரையோடு பிணைந்த ஒரு பொருள் இருக்கிறது. கிழங்கு நசுங்கும்போது அதிலுள்ள நொதிகள் அப்பொருளை உடைத்து ஹைட்ரஜன் சயனைடு என்னும் கொடிய நஞ்சை வெளிப்படுத்துகின்றன. எல்டர் செடியிலும் இதே இனத்தைச் சேர்ந்த பொருள் உண்டு. அதற்குச் சாம்புநிக்ரின் என்று பெயர். இலையிலும் இளந்தண்டிலும் அது அதிகம். முற்றிப் பழுத்த கனியின் சதையில் மிகக் குறைவு. ஹைட்ரஜன் சயனைடு 26 பாகை வெப்பத்திலேயே ஆவியாகக் கூடியது. ஆகவே கொதிக்கும் பாத்திரத்திலிருந்து அது எளிதில் வெளியேறிவிடும். இதனோடு வயிற்றைப் புரட்டும் வேறு சில புரதங்களும் கனியில் இருக்கின்றன. அவையும் வெப்பத்தால் பெரும்பாலும் செயலிழக்கின்றன. கொதி வந்த பின் 20 நிமிடமாவது அடுப்பில் இருக்கட்டும் என்று அந்நாட்டு இல்லத்தரசியர் கொண்டிருக்கும் வழக்கம் இவ்வாறு அறிவியலுக்கும் பொருந்தி வருகிறது.

இவ்விதியை மறந்தால் நேர்வது என்ன என்பதற்கு அமெரிக்க நாட்டில் நிகழ்ந்த ஒன்றைச் சான்றாகக் கூறலாம். 1983ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் கலிபோர்னியா மாநிலத்தின் மான்டரே பகுதியில், ஊரைவிட்டு ஒதுங்கிய மலையிடம் ஒன்றில், சமய, தத்துவ ஈடுபாடு கொண்ட குழுவினர் 25 பேர் கூடியிருந்தனர். அங்கு தானே வளர்ந்திருந்த எல்டர் கனிகளைப் பறித்து, இலையோடும் கிளையோடும் சேர்த்தே பிழிந்து, ஆப்பிள் சாறும் சர்க்கரையும் நீரும் கலந்து, காய்ச்சாமல் வைத்திருந்து பின்னர் பரிமாறினர். அருந்திய கால் மணி நேரத்திற்குள் பலருக்குக் குமட்டலும் வாந்தியும் கண்டன. நோயுற்றோர் 11 பேர். அவர்களில் 8 பேருக்குத் தலைச்சுற்றலும் மரத்துப்போதலும் சேர்ந்துகொள்ளவே, அவர்களை ஹெலிகாப்டரில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டியதாயிற்று. ஐந்து குவளை அருந்திய ஒருவர் உணர்வு மங்கிய நிலையில் இரவு முழுதும் மருத்துவமனையில் இருந்தார். இறையருளால் எல்லோரும் நலமடைந்தனர். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1984 ஏப்ரலில் தன் வார அறிக்கையில் இதனை வெளியிட்டு எச்சரித்தது. "இயற்கையானது, ஆகவே தீங்கற்றது" என்று எண்ணும் மனப்பான்மை இன்று நம்மிடையேயும் வளர்ந்து வருகிறது. அவர்களும் அவ்வாறே எண்ணியிருப்பார்கள் போலும்.

எந்தச் செடியிலிருந்து பறிப்பது என்பதிலும் கவனம் தேவை. நாம் இங்கே பேசுவது கறுப்புக் கனி தரும் எல்டரைப் பற்றியது. இதற்குத் தம்பி முறையில் ஒரு குட்டைச் செடி ஐரோப்பாவில் உண்டு. அது மரத்தண்டு இன்றிக் கீரைத்தண்டு போல் ஆண்டுதோறும் முளைத்து மடியும். அதன் கனிக்கொத்து தொங்காமல் வானை நோக்கியே நிமிர்ந்து நிற்கும். இலையைக் கசக்கினால் நாற்றம் வீசும். அது நஞ்சு, அதை அடுக்களைக்குள் விடவே கூடாது. மலைப்பகுதிகளில் செந்நிறக் கனி தரும் எல்டரும் வளர்கிறது. அதன் விதைகள் கேடு செய்வன. கொத்து தொங்குகிறதா, நிமிர்ந்திருக்கிறதா என்று பார்த்தல்தான் அந்நாட்டுச் சிறுவருக்குக் கற்பிக்கப்படும் முதற் பாடம்.

ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் குடியேறி வாழும் நம் ஈழத்துச் சகோதரக் குடும்பங்களை இங்கே நினைத்துக்கொள்கிறோம். 1987 முதல் ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதத்தில் ஜெர்மனியின் கெவலார் மாதா திருத்தலத்திற்குத் தமிழர் பெருந்திரளாகத் திருயாத்திரை செல்கின்றனர். இக்கனிகள் சாலையோரங்களில் நிறம் மாறத் தொடங்குவதும் ஏறத்தாழ அக்காலத்தில்தான். ஊரில் நாவற்பழத்தையும் மணத்தக்காளியையும் பறித்த கையோடு தின்று பழகிய பெரியவர்கள், பார்வைக்கு அவற்றை ஒத்திருக்கும் இதனையும் அவ்வாறே எண்ணிவிடக் கூடும். பிள்ளைகள் பள்ளியில் கற்றுக்கொண்டிருப்பர். பாட்டிக்கும் தாத்தாவுக்கும் அவர்கள் எடுத்துச் சொல்லட்டும்.

இனி அடுக்களைக்குள் செல்வோம்.

பறித்து வந்த கொத்துகளை முதலில் ஒரு வெள்ளைத் துணியின் மேல் பரப்பிச் சற்று நேரம் விட்டுவைக்கிறார்கள். பூச்சிகள் தாமே வெளியேறிவிடும். பின் கொத்தை நீரில் அலசி, ஒரு முள்கரண்டியைக் கொண்டு காம்பிலிருந்து கனிகளைக் கோதி எடுக்க வேண்டும். பெரிய தண்டுகள் ஒன்றும் சேரக் கூடாது. பச்சையாகவோ சிவப்பாகவோ இருக்கும் காய்களைப் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். கனிகளை மீண்டும் ஒரு பாத்திரம் நீரில் இட்டால் காய்களும் சருகும் மேலே மிதக்கும். நன்கு முற்றியவை அடியில் தங்கும். இது பொறுமை வேண்டும் வேலை. இதற்காகவே மாலையில் குடும்பத்தார் எல்லோரும் மேசையைச் சுற்றி அமர்வர். நம் வீடுகளில் புளி கொட்டை எடுக்கும்போது நடக்குமே, அதைப் போலத்தான் ஊர்க்கதையெல்லாம் அப்போது பேசப்படும். குளிர்ப்பெட்டி வசதி வந்த பின், கொத்துகளை அப்படியே உறைய வைத்துவிட்டு, உறைந்த நிலையில் பையோடு உதறிக் கனிகளை உதிர்க்கும் எளிய முறையும் வழக்கில் வந்துள்ளது. இது மெச்சத்தக்கது. ஆனால் உறைய வைத்தல் நஞ்சை நீக்காது. உறைந்த கனியையும் கொதிக்க வைத்தே ஆக வேண்டும்.

பாத்திரம் எவர்சில்வராக இருப்பது நலம். புளிப்பான சாறு அலுமினியத்தை அரிக்கும். மரக்கரண்டியும் மரப்பலகையும் ஒருமுறை இச்சாற்றில் தோய்ந்தால் பிறகு ஊதா நிறம் போகவே போகாது.

வட ஜெர்மனியில், ஹம்பர்க் நகரிலும் அதற்கு வடக்கே உள்ள ஷ்லெஸ்விக் ஹோல்ஸ்டைன் பகுதியிலும் இலையுதிர்காலம் வந்துவிட்டால் எல்டர்க் கனிச் சூப்பு மேசைக்கு வந்துவிடும். ஒரு கிலோ கனிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் விட்டு, எலுமிச்சைத் தோல் ஒரு துண்டும் இலவங்கப்பட்டை ஒரு துண்டும் சேர்த்து 20 நிமிடம் கொதிக்க வைப்பர். கனிகள் வெடித்துச் சாறு இறங்கியதும் சல்லடையில் வடித்து, விதையையும் தோலையும் நீக்குவர். அச்சாற்றில் சர்க்கரையும், துண்டு போட்ட ஆப்பிள் அல்லது பேரிக்காயும் இட்டு மீண்டும் அடுப்பேற்றி, சிறிது உருளைக்கிழங்கு மாவையோ மக்காச்சோள மாவையோ குளிர்ந்த நீரில் கரைத்து ஊற்றினால் சூப்பு கெட்டியாகும். இதனோடு ரவை உருண்டைகள் சேர வேண்டும் என்பது அப்பகுதியாரின் பிடிவாதம். கால் லிட்டர் பாலைச் சிறிது வெண்ணெயோடும் உப்போடும் காய்ச்சி, அதில் 80 கிராம் அளவு ரவையைத் தூவிக் கிளறி, உப்புமாவைவிடக் கெட்டியாகத் திரண்டு வந்ததும் இறக்கி, சூடு தணிந்த பின் ஒரு முட்டையை அடித்துக் கலப்பர். இரண்டு கரண்டிகளால் சிறு உருண்டைகளாக எடுத்துக் கொதிநீரில் இட்டால் அவை வெந்து மிதக்கும். சூடான ஊதா நிறச் சூப்பில் வெள்ளை உருண்டைகள் மிதக்க, அதுவே பல ஏழைக் குடும்பங்களுக்கு இரவு உணவாக இருந்தது. டென்மார்க்கிலும் ஏறத்தாழ இதே சூப்பு உண்டு.

தெற்கே ஆஸ்திரியாவில் சூப்பைவிடக் கிண்டிய பாகுக்கே மதிப்பு. ஒரு கிலோ கனியோடு அரைக் கிலோ பிளம்ஸ் பழத்தையும் இரண்டு பேரிக்காயையும் நறுக்கிப் போட்டு, 200 முதல் 250 கிராம் வரை சர்க்கரை, இலவங்கப்பட்டை, இரண்டு மூன்று கிராம்பு, எலுமிச்சைத் தோல் ஆகியவற்றைச் சேர்த்து, தண்ணீர் அதிகம் விடாமல் மெல்லிய தீயில் அரைமணி நேரம் கிளறுவர். கனியின் சாறே போதுமானது. அடி பிடிக்காமல் கிளறுவதுதான் கலை. இது திதிப்பும் புளிப்பும் சற்றே துவர்ப்பும் கொண்டு, முட்டையும் மாவும் சேர்த்துச் சுட்ட அடையைப் பிய்த்துப் போட்டுச் செய்யும் அவர்களது பலகாரத்திற்குத் தொடுகறியாகிறது. பால் கலந்து மாவிட்டுக் கூழாகக் காய்ச்சுவோரும் உண்டு. நம் கருத்தில் பிளம்ஸ் சேர்ந்த பாகே சிறந்தது. எல்டர்க் கனி தனித்து நின்றால் சற்றே மண்வாடை வீசும். இன்னொரு பழத்தின் துணையோடுதான் அதன் சுவை மலர்கிறது.

ஜெல்லி காய்ச்ச விரும்புவோர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். பழச்சாற்றை இறுக வைக்கும் பெக்டின் என்னும் பொருள் இக்கனியில் குறைவு. எனவே பாதிக்குப் பாதி ஆப்பிள் சாறு சேர்ப்பார்கள். அல்லது பெக்டின் கலந்து கடைகளில் விற்கும் சர்க்கரையை ஒரு லிட்டர் சாற்றுக்கு ஒரு கிலோ வீதம் பயன்படுத்துவார்கள். எலுமிச்சைச் சாற்றை விடாமல் சேர்க்கச் சொல்வதற்குச் சுவை மட்டும் காரணமன்று. எல்டர்க் கனியின் புளிப்பு, செடிக்குச் செடி மாறும். அமெரிக்க வகைகள் சிலவற்றைச் சோதித்தபோது, புட்டியில் அடைத்து வைக்கும் உணவுக்குப் பாதுகாப்பான எல்லையாகிய 4.6 என்னும் அமில அளவை அவை தாண்டியிருந்தமை தெரிய வந்தது. புளிப்புக் குறைந்த சாற்றைப் புட்டியில் அடைத்து அலமாரியில் வைத்தால், காற்றில்லாத இடத்தில் வளரும் கொடிய நச்சுக்கிருமிக்கு அது இடம் கொடுக்கக் கூடும். சர்க்கரை குறைந்த சாறு எதுவாயினும் குளிர்ப்பெட்டியில் உறைய வைப்பதே நன்று.

ஆங்கிலேயரின் வழி வேறு. அவர்கள் இக்கனியைக் காடியில் ஊறவைத்து இறைச்சிக்கான குழம்புச்சாறு செய்தனர். அரைக் கிலோ கனிக்கு அரை லிட்டர் காடியை ஊற்றி, மூடிய மண்பாண்டத்தில் மிதமான சூட்டடுப்பில் பல மணி நேரம் வைத்து, வடித்த சாற்றில் சின்ன வெங்காயம், மிளகு, கிராம்பு, சாதிபத்திரி, இஞ்சி ஆகியவற்றைப் போட்டு மீண்டும் கொதிக்க வைத்துப் புட்டியில் அடைப்பர். 17ஆம் நூற்றாண்டில் லண்டன் மாநகரில் புகழ் பெற்றிருந்த போன்டாக் என்னும் உணவகத்தின் பெயரையே இச்சாறு தாங்கி நிற்கிறது. ஏழு ஆண்டுகள் வைத்திருந்தால்தான் இதன் உண்மைச் சுவை வெளிப்படும் என்பது அவர்களது பழைய பேச்சு. ஏழு ஆண்டுகள் ஒரு புட்டியைத் திறவாமல் வைத்திருக்கும் பொறுமை எந்த வீட்டில் உண்டோ, நாம் அறியோம்! நம் ஊறுகாய் ஜாடிகள் ஓராண்டைக் கடப்பதே அரிது.

இங்கிலாந்தில் எல்டரை ஆங்கிலேயரின் திராட்சை என்றும் அழைத்தனர். திராட்சை விளையாத குளிர்நாட்டில் அதிலிருந்தே வீட்டு இரசம் காய்ச்சினர். போர்ச்சுக்கல் நாட்டிலோ, மங்கிய நிறமுடைய திராட்சை இரசத்திற்கு நிறமேற்ற வணிகர் இக்கனியின் சாற்றைத் திருட்டுத்தனமாகக் கலந்தனர். கலப்படத்தால் போர்ட் இரசத்தின் பெயர் கெடவே, 1750களில் அந்நாட்டை ஆண்ட அமைச்சர் பொம்பால், டூரோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் உள்ள எல்டர் மரங்களையெல்லாம் வேரோடு பிடுங்க ஆணையிட்டார். மனிதன் செய்த பொய்க்கு மரம் தண்டனை பெற்றது. இன்று அதே நாட்டில் எல்டர் தோட்டங்கள் வைத்து, உணவுக்கு இயற்கை நிறமூட்டும் பொருளாக அதன் சாற்றை ஏற்றுமதி செய்கின்றனர்.

கனிக்கு முன் வரும் பூவைப் பற்றியும் சிறிது கூற வேண்டும். பவேரியா நாட்டில் புனித ஸ்நாபக அருளப்பர் திருநாளாகிய ஜூன் 24ஆம் நாளையொட்டி எல்டர்ப் பூ வடை சுடுவது பழைய மரபு. மாவும் முட்டையும் பாலும் கலந்து, நம் பஜ்ஜி மாவின் பதத்திற்குக் கரைத்து, பூங்கொத்தைக் காம்பைப் பிடித்தபடியே அதில் தோய்த்துக் கொதிக்கும் நெய்யில் இறக்குவர். பொன்னிறமானதும் எடுத்துச் சர்க்கரைத் தூளைத் தூவி, கையில் காம்பைப் பிடித்துக்கொண்டு பூவை மட்டும் கடித்துத் தின்று, காம்பை எறிந்துவிடுவர். பூவைக் கழுவக் கூடாது. மகரந்தம் போனால் மணமும் போய்விடும். பூச்சியை உதறினால் போதும். வெயில் ஏறிய, மழையில்லாத காலையில் பறித்த பூவையே அவர்கள் விரும்புவர். இருபது முப்பது கொத்துகளைச் சர்க்கரைப் பாகிலும் எலுமிச்சைத் துண்டுகளிலும் எலுமிச்சை உப்பிலும் ஒரு நாளோ இரு நாளோ ஊறவைத்து வடித்தால், கோடையில் தண்ணீர் கலந்து அருந்தும் சர்பத்து கிடைக்கும். ஆனால் பூவையெல்லாம் பறித்துவிட்டால் கனி ஏது? மரத்திற்குப் பாதியை விட்டுவைப்பது அவர்கள் வழக்கம். பறவைகளுக்கும் ஒரு பங்கு உண்டு.

கத்தோலிக்கக் குடும்பங்களாகிய நாம் அறிந்துகொள்ள வேண்டிய வரலாறு ஒன்றும் இம்மரத்தோடு பிணைந்துள்ளது. வியன்னா நகருக்கு அருகே, டான்யூப் ஆற்றங்கரையில், குளோஸ்டர்நொய்பர்க் என்னும் பேர்பெற்ற துறவற மடம் இருக்கிறது. ஆஸ்திரியாவை ஆண்ட சிற்றரசர் புனித லியோபோல்டு தம் மனைவி ஆக்னசோடு மாளிகை முகப்பில் நின்றிருந்தபோது, பெருங்காற்று அவளது மணமுக்காட்டை அடித்துச் சென்றதாம். ஒன்பது ஆண்டுகள் கழித்து அரசர் வேட்டைக்குச் சென்றபோது, அம்முக்காடு பூத்துக் குலுங்கிய எல்டர்ச் செடி ஒன்றின் மேல் சிறிதும் கெடாமல் கிடந்ததாம். அவ்விடத்திலேயே மடத்தை எழுப்பினார் என்பது மரபு. இதனை எழுதியோர் சில நூற்றாண்டுகளுக்குப் பின் வந்தோர். ஆதலின் வரலாற்றாசிரியர் இதைப் பக்திக் கதை என்றே கொள்வர். மடம் 1114இல் நிறுவப்பட்டதும், 1133இல் புனித அகுஸ்தீன் சபைத் துறவியர் அங்கு வந்ததும், லியோபோல்டு 1485இல் புனிதராக உயர்த்தப்பட்டதும், நவம்பர் 15ஆம் நாள் அவர் திருநாள் கொண்டாடப்படுவதும் ஐயமற்ற செய்திகள். அம்மடத்தின் கருவூலத்தில் 1714இல் செய்யப்பட்ட அழகிய கதிர்ப்பாத்திரம் ஒன்று இருக்கிறது. நற்கருணை வைக்கும் அப்பாத்திரம் எல்டர்ச் செடியின் வடிவிலேயே அமைந்து, முக்காட்டின் கதையைக் காட்டுகிறது. தொழுவத்தின் பின்னால் முளைக்கும் செடிக்குக் கிடைத்த இப்பெருமையைக் காணும்போது நமக்கு வியப்பும் மகிழ்ச்சியும் உண்டாகின்றன.

இன்னொரு பொருத்தமும் உண்டு. 1860இல் தொடங்கப்பட்ட திராட்சை வளர்ப்புக் கல்லூரி ஒன்று அதே ஊரில் இயங்கி வருகிறது. காட்டுச் செடிகளிலிருந்து தேர்ந்தெடுத்து, கொத்து முழுதும் ஒரே சமயத்தில் பழுக்கும் ஹாஷ்பெர்க் என்னும் எல்டர் வகையை உருவாக்கியவர்கள் அங்குள்ளவர்களே. ஆஸ்திரியாவின் ஸ்டைரியா மாநிலத்தில் வரிசையாக நட்டு வளர்க்கப்படும் எல்டர்த் தோட்டங்களில் இவ்வகையே பெரும்பான்மை. ஒரே கொத்தில் பழமும் காயும் கலந்திருப்பதுதான் வீட்டில் சமைப்போரின் பெருந்தொல்லை என்பதை அறிந்தோர்க்கு இதன் அருமை விளங்கும்.

இதே மரத்தின் மேல் பழியும் சுமத்தப்பட்டிருக்கிறது. யூதாஸ் தூக்கிட்டுக்கொண்டது எல்டர் மரத்தில் என்று 14ஆம் நூற்றாண்டு ஆங்கில நூல்களிலேயே காணப்படுகிறது. ஷேக்ஸ்பியரும் தம் நாடகம் ஒன்றில் இதைக் குறிப்பிடுகிறார். மத்தேயு நற்செய்தியிலோ மரத்தின் பெயரே இல்லை. எளிதில் முறியும் இம்மரத்தின் கிளை ஓர் ஆளைத் தாங்குமா என்பதையும் அக்கதை கட்டியவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. முதிர்ந்த எல்டர் மரத்தில் காதைப் போன்ற பழுப்பு நிறக் காளான் ஒன்று முளைக்கும். அதற்கு யூதாஸின் காது என்று பெயர் சூட்டிவிட்டனர். தாவர நூலாரும் இலத்தீனில் அப்பெயரையே வழங்குகின்றனர். அக்காளான் உண்ணத் தக்கது.

டென்மார்க் மக்களோ எல்டரைத் தாயாகக் கண்டனர். ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1844இல் எழுதிய கதை ஒன்றில், சளி பிடித்த சிறுவனுக்குத் தாய் எல்டர்ப் பூத் தேநீர் போட, தேநீர்ப் பாத்திரத்திலிருந்தே எல்டர் மரம் கிளைத்தெழுகிறது. அதன் நடுவே ஓர் அன்னை அமர்ந்திருக்கிறாள். பூவும் கனியும் சளிக்கு மருந்து என்னும் நம்பிக்கை ஐரோப்பா முழுவதும் வேரூன்றியது. நீர்ச் சிகிச்சையால் பெயர் பெற்ற பவேரியக் குரு செபஸ்தியான் நைப் அடிகளார் (1821-1897) தம் நூலில் எல்டரைப் போற்றி எழுதியிருக்கிறார்.

இன்று அந்நம்பிக்கை பெரும் வணிகமாகிவிட்டது. எல்டர்க் கனிப் பாகு சளிக்காய்ச்சலின் நாட்களைக் குறைக்கும் என்று விளம்பரங்கள் கூறுகின்றன. சில சிறிய ஆய்வுகள் ஓரளவு பயன் இருப்பதாகக் கூறியதுண்டு. உறுதியான முடிவுக்கு அவை போதா. சூடான, இனிப்பான பாகு தொண்டைக்கு இதமளிக்கும் என்பதை எவரும் மறுக்கமாட்டார். ஆனால் அது மருத்துவருக்கு ஈடாகாது. மூச்சுத் திணறும் குழந்தைக்குப் பாகைக் கொடுத்துவிட்டுக் காத்திருத்தல் பெருந்தவறு என்பதை அழுத்திக் கூறுகிறோம். பாகில் தேன் கலந்திருந்தால் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒரு துளியும் கொடுக்கலாகாது. அடுப்பில் ஏற்றாமல் ஊறவைத்தே தயாரித்ததாக எவரேனும் பெருமையோடு ஒரு புட்டியை நீட்டினால், நன்றி கூறி மறுத்துவிடுவதே முறை.

வீட்டில் பாகு காய்ச்சுவோர் வடித்த சாறு ஒரு லிட்டருக்கு அரைக் கிலோ முதல் முக்கால் கிலோ வரை சர்க்கரையும், இரண்டு எலுமிச்சையின் சாறும், விரும்பினால் கிராம்பும் இஞ்சியும் சேர்த்து, மேலும் பத்து நிமிடம் கொதிக்க விடுவர். நுரையை எடுத்துவிட்டு, கொதிநீரில் கழுவிக் காய வைத்த புட்டிகளில் சூட்டோடு ஊற்றி மூடுவர். புட்டியின் மேல் நாளைக் குறித்து வைத்தல் வேண்டும். திறந்த பின் குளிர்ப்பெட்டியில் வைத்துச் சில வாரங்களுக்குள் தீர்த்துவிடுவர். சாற்றைப் பிழிந்த துணியில் மிஞ்சும் தோலையும் விதையையும் கோழிக்கும் போடாமல் உரக்குழியில் இடுவதே நல்லது.

இக்கனியின் நிறம் புளிப்பில் சிவக்கும்; சவர்க்காரம் பட்டால் நீலமாகும். ஆகவே உடையில் கறை பட்டவுடன் சோப்பைத் தேய்த்தால் கறை நீலமாகி இறுகிக்கொள்ளும். ஐரோப்பியத் தாய்மார் கறைபட்ட பகுதியை ஒரு கிண்ணத்தின் வாயில் இழுத்துக் கட்டி, எலுமிச்சைச் சாற்றைத் தடவி, சற்று உயரத்திலிருந்து கொதிநீரை ஊற்றுவார்கள். பருத்தித் துணியாக இருந்தால் கறை பெரும்பாலும் இறங்கிவிடும். உலர்வதற்குள் செய்துவிட வேண்டும்.